கேட்காத குரலுக்கு ஒரு லட்சம் ரூபாயா? பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா, தலைமையாசிரியை அம்மா, செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளையின் அப்பா எழுதுகிறேன். கடலூர் முதுநகரில் முப்பது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு ஆம்ப்ளிஃபயர் தூக்கிக்கொண்டு வருகிறவன் என்றால் உங்களில் பலருக்கு முகம் தெரியும். நம் பள்ளி வராந்தாவில் இருக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர்களையும் ஏணி போட்டு மாட்டியவன் நான்தான்.

பள்ளியின் பெயரையும் விற்க வந்தவர்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. யாரையும் அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. ஆனாலும் இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் எல்லாரும் படிக்கிற மடலாக எழுதுகிறேன். ஏனென்றால் அதே ஆட்கள் திருப்பாதிரிப்புலியூரிலும் நெல்லிக்குப்பம் பக்கமும் வேறு பள்ளிகளுக்குப் போய்வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே இருக்கும் பெற்றோரும் இதைப் படித்தால் நல்லது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வாரக் கூட்டத்தில், பொதுத் தேர்வு எழுதும் 140 பிள்ளைகளுக்கும் 'ஆழ்மன ஒலிப்பதிவு' வாங்குவது என்று பேசினீர்கள். மேலுக்கு மழைச் சத்தமும் புல்லாங்குழலும் கேட்கும். அதற்கு அடியில் காதுக்குத் தெரியாதபடி 'எனக்கு ஞாபக சக்தி அதிகம்', 'எனக்குக் கணக்கு எளிது' என்ற மாதிரி வாக்கியங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை நேராக ஆழ்மனதில் போய் உட்கார்ந்துவிடும் என்றார்கள். சப்ளிமினல் என்று அதற்குப் பெயர். மாலை ஸ்பெஷல் கிளாஸில் வராந்தா ஸ்பீக்கரில் போட வேண்டும், ராத்திரி பிள்ளைகள் இயர்போனில் கேட்டபடியே தூங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 750 ரூபாய். மொத்தம் 1,05,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒப்புதல் படிவத்தைத் தர வேண்டும்.

கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "விளம்பரக்காரன் நம்ம பிள்ளைங்க மனசுல அதுங்களுக்கே தெரியாம என்னென்னமோ ஏத்துறான். அதே வழியில நாம நல்லத ஏத்தினா என்ன தப்பு?" கூடம் முழுக்கக் கைதட்டியது. நான் மைக் பக்கத்தில் பேசாமல் நின்றிருந்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்காததற்காக வருத்தப்பட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர் கேள்விக்கு அடியில் ஒரு பழைய கதை இருக்கிறது. சினிமா ஓடும்போதே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் 'பாப்கார்ன் சாப்பிடு', 'கோகோ கோலா குடி' என்று திரையில் மின்னவிட்டார்கள், ஜனங்கள் எதற்கென்றே தெரியாமல் எழுந்து போய் வாங்கினார்கள் என்ற கதை. விற்க வந்தவரும் இதைத்தான் சொன்னார். இந்தக் கதைக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் லீ என்ற ஊரின் தியேட்டரில் ஆறு வாரம், 45,699 பேரிடம் இதைச் சோதித்ததாக 1957இல் அவர் அறிவித்தார். ஐந்து நொடிக்கு ஒரு தடவை, ஒரு நொடியை 3,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் வாசகம் மின்னியதாம். கோலா விற்பனை 18 சதவீதம் ஏறியது என்றார். பாப்கார்ன் கிட்டத்தட்ட 58 சதவீதம் என்றார். ஆய்வை யாரும் சரிபார்க்கிற மாதிரி முழுமையாக வெளியிடவே இல்லை. ஐந்து வருடம் கழித்து, 1962இல், ஒரு விளம்பரத் துறைப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அவரே ஒத்துக்கொண்டார்: கையில் இருந்த விவரம் எதையும் நிரூபிக்கப் போதாத அளவுக்குச் சொற்பம், அது ஒரு விளம்பர வித்தை.

நடுவில், 1958இல், கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனம் இதைச் சோதித்தும் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றில் 'இப்போதே போன் செய்யுங்கள்' என்ற வாசகத்தை 352 தடவை மின்னவிட்டார்கள். போன் அழைப்புகள் கூடவில்லை. ஏதோ மறைவான செய்தி காட்டினோம், என்னவென்று சொல்லுங்கள் என்று நேயர்களிடம் கேட்டபோது, பதில் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிகழ்ச்சி பார்க்கும்போது பசித்தது, தாகம் எடுத்தது என்று எழுதினார்களாம். பாப்கார்ன் கதை அவர்கள் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. திரையில் இல்லாத செய்தி, கேள்விப்பட்ட கதையிலிருந்து அவர்கள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. இந்த ஒரு விவரத்தை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்ப வருவேன்.

அப்படியானால் எல்லாமே பொய்யா என்று கேட்டால், இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். நாம் பார்த்தோம் என்று நமக்கே தெரியாத ஒன்றை மனம் லேசாகப் பிடித்துவைத்துக்கொள்வது உண்மைதான். 1980இல் வெளியான ஓர் ஆய்வில், ஒழுங்கில்லாத எண்கோண வடிவங்களை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அப்புறம் காட்டாத வடிவங்களோடு ஜோடி சேர்த்து வைத்து, எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, பூவா தலையா போட்ட மாதிரிதான் பதில் வந்தது. எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது மட்டும் முன்னால் காட்டிய வடிவத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகக் கை போனது. 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 'லிப்டன் ஐஸ்' என்ற பானத்தின் பெயரை 23 மில்லி நொடி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப மின்னவிட்டார்கள். தாகமாக இருந்தவர்களிடம் அந்தப் பானத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடினார்கள். தாகம் இல்லாதவர்களிடம் ஒன்றும் நடக்கவில்லை.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சித்திரை மாதத்து மத்தியானம் சில்வர் பீச் ரோட்டில் நாக்கு வறண்டு நிற்கும் ஒருவரை, இளநீரா பன்னீர் சோடாவா என்ற இடத்தில் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்க்கலாம். தாகமே இல்லாதவரைக் கடைப் பக்கம் இழுத்துவர முடியாது. அந்தச் சாய்வும் நிலைப்பதில்லை. மறைத்துக் காட்டிய ஒரு சொல்லின் அர்த்தம் மனதில் வேலை செய்யும் நேரத்தை 1996இல் அளந்து பார்த்தவர்கள், அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே மங்கிவிடுகிறது என்று கண்டார்கள். இரண்டு பாட்டிலில் எதை எடுப்பது என்ற இடத்தில் லேசாகத் தட்டிவிடுகிற ஒன்று, முக்கோணவியலை ஒரு பிள்ளைக்குள் கொண்டுபோய் வைக்காது. நான்கு மாதம் கழித்துத் தேர்வு அறையில் உதவிக்கும் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆய்வுகள் எல்லாம் கண்ணுக்குக் காட்டியவை. எவ்வளவு சின்ன நேரமானாலும் வெளிச்சம் கண்ணுக்குள் போய்விட்டது. நமக்கு விற்க வந்திருப்பது சத்தம். அது காதுக்குள் போகிறதா என்பதே கேள்வி. அது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1994. மைக் செட் ஆரம்பிப்பதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். நாள் கூலி இருபது ரூபாய். ஆட்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள், நான் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். தம்பி பிளஸ் டூ. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் முதன்முதலாகப் பிளஸ் டூ வரைக்கும் போனது தம்பிதான். இயற்பியல் அவனுக்கு வரவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன்: நினைவாற்றல் கேசட், கேட்டுக்கொண்டே தூங்கினால் போதும். இரண்டு கேசட், 240 ரூபாய், வி.பி.பி.யில் வரும். பன்னிரண்டு நாள் கூலி. யோசிக்காமல் போஸ்ட்மேனிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கடல் அலைச் சத்தம்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தாலே கேட்கிற சத்தம். தம்பி தலைமாட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தினமும் கேட்டான். இரண்டு வாரத்தில் அவன் முகமே தெளிந்துவிட்டது. "ஏறுதுண்ணா, நல்லா ஏறுது" என்று சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு எரிந்த வீட்டில் ஒன்பதரைக்கே விளக்கு அணைந்தது. கேசட் பார்த்துக்கொள்ளும் என்று அவன் நினைத்தான். நானும் நினைத்தேன்.

இயற்பியலில் பெயில். மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான். திட்டுவதற்குத்தான் நான் வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டு சொன்னான்: "எல்லாருக்கும் வேலை செய்யுற கேசட்டுண்ணா. எனக்கு மட்டும் செய்யல. அப்போ எம் மண்டையிலதான் ஏதோ இல்ல."

அந்த வாக்கியத்தை எடுத்து எறிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. அடுத்த தேர்வில் அவன் பாஸாகிவிட்டான், இன்றைக்கு நெய்வேலியில் நல்லபடியாக எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான், அவன் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் எல்லாம் பல வருடத்துக்கு அவன் அதைத்தான் சொன்னான். 240 ரூபாய் போனதை நான் மறந்துவிட்டேன். கேசட் பொய் என்று சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டான். இதை மறக்க முடியவில்லை.

இதை என் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதே மாதிரிக் கேசட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டது. ஆந்தனி கிரீன்வால்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது. கடையில் விற்ற கேசட்டுகள்தான். ஒரு வகை நினைவாற்றலுக்கு, இன்னொரு வகை தன்னம்பிக்கைக்கு. அவர்கள் செய்த காரியம் எளிமையானது: பாதிக் கேசட்டுகளில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள். நினைவாற்றல் என்று ஒட்டியிருந்ததில் தன்னம்பிக்கைக் கேசட், தன்னம்பிக்கை என்று ஒட்டியிருந்ததில் நினைவாற்றல் கேசட். கேட்பவருக்கும் தெரியாது, கையில் கொடுப்பவருக்கும் தெரியாது. சில வாரம் தினமும் கேட்கச் சொல்லி, முன்னாலும் பின்னாலும் பரீட்சை வைத்தார்கள். உள்ளே என்ன பதிந்திருந்ததோ அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. எந்தக் கேசட்டைக் கேட்டவரானாலும் எல்லாருக்குமே இரண்டிலும் மார்க் கொஞ்சம் கூடியிருந்தது. எதையாவது சிரத்தையாகச் செய்கிறோம் என்ற எண்ணத்தில் வருகிற முன்னேற்றம் அது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், லேபிளில் என்ன எழுதியிருந்ததோ அதில் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள்.

'நல்லா ஏறுது' என்று என் தம்பி சொன்னது இதுதான். கனடாக்காரர்களுக்குப் பசித்ததும் இதுதான். அன்றைக்குக் கூட்டத்தில் இரண்டு பள்ளிகளிலிருந்து வாங்கிவந்த பாராட்டுக் கடிதங்களைப் படித்துக் காட்டினார்களே, அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. முன்னேறியது போல் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றுவதை வைத்துத் தேர்வு எழுத முடியாது.

சரி, விற்க வந்தவர்கள் விட்டுப்போன பென் டிரைவுக்கு வருகிறேன். மாதிரிக்கென்று கொடுத்ததைச் செயலாளர் சாரிடம் ஒரு ராத்திரிக்கு வாங்கி வந்தேன். 42 நிமிடம், எம்.பி.3 கோப்பு. ரெக்கார்டிங் வேலைக்கு நான் வைத்திருக்கும் மடிக்கணினியில் போட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று நிறமாகக் காட்டும் படத்தைத் திறந்தேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கீழே மழை அடர்ந்த பச்சையாக, புல்லாங்குழல் மஞ்சள் கோடு கோடாக. 16,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 16,000 அதிர்வு, வந்ததும் அரிவாளால் சீவியது போல ஒரு நேர்கோடு. அதற்கு மேல் சுத்தமாகக் கருப்பு. ஒன்றுமே இல்லை.

அவர்கள் கொடுத்த விளம்பர நோட்டீஸில் 'செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் பதிக்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறார்கள். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பொதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல்பக்கம் குறையும். நாங்கள் வீட்டிலேயே சோதித்தோம்: எனக்கு 12,000 தாண்டினால் கேட்கவில்லை, மகளுக்கு 16,000 தாண்டியும் கேட்டது. அப்படியிருக்க, பிள்ளைகளின் செவிக்கு எட்டாத உயரம் என்றால் அது இந்தக் கோப்பில் வெட்டுப்பட்ட இடத்துக்கு மேல்தான் இருக்க முடியும். அங்கே எதுவும் இல்லை. இருந்தாலும் நம் வராந்தாவில் வராது. குழாய் ஸ்பீக்கர் மனிதக் குரல் தூரத்துக்குப் போவதற்காகச் செய்தது. ஏழாயிரம் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அது திணறும். மாட்டியவன் சொல்கிறேன்.

இதை நான் போனில் கேட்டபோது விற்பனையாளர், உயர் அதிர்வெண்ணில் இல்லை, இசைக்கு அடியில் மெல்லிய குரலில் இருக்கிறது என்று மாற்றிச் சொன்னார். அதையும் பார்ப்போம். தேரோட்டத்தில் தவில் பக்கத்தில் நிற்கிறீர்கள், பக்கத்து ஆள் உங்கள் காதுக்கு அருகில் ஏதோ முணுமுணுக்கிறார், கேட்காது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. எம்.பி.3 என்ற முறையே இந்த விழுங்கலை வைத்துக் கட்டியதுதான். ஜெர்மனியில் இதை வடிவமைத்தவர்கள், காது எப்படியும் கேட்கப்போவதில்லை என்ற சத்தத்தைத் தேடித் தேடிக் கழித்துவிட்டால் கோப்பு சின்னதாகும் என்று கணக்குப் போட்டார்கள். இதனால்தான் கேசட் காலத்தில் ஓர் அலமாரி நிறைய வைத்திருந்த பாட்டை இன்றைக்குச் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். அதாவது, காதுக்குக் கேட்காத குரல் ஒன்று இசைக்கு அடியில் உண்மையாகவே இருந்திருந்தால், எம்.பி.3 ஆக்கும்போது முதலில் கழிபட்டுப் போகிற சரக்கே அதுதான்.

குரல் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. புல்லாங்குழல் நிற்கிற இடங்களில் சத்தத்தை முழுக்க ஏற்றிக் கேட்டேன், மழைதான் கேட்டது. மழையை விட மெல்லியதாக ஏதாவது மழைக்குள் கரைந்திருந்தால் என் கருவி அதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் பிள்ளையின் காதும் பிரிக்காது. பேச்சு மூளைக்குப் போக வேண்டுமென்றால் உள்காதில் இருக்கும் மயிரிழைகள் கொண்ட செல்கள் அதற்காக அசைய வேண்டும். மழைக்கு ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் செல்லுக்கு அந்த முணுமுணுப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வேறு வாசல் கிடையாது.

தூக்கத்தில் கேட்கும் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1956இல் சைமன், எம்மன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தூங்குபவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்துகொண்டே கேள்வி பதில்களை ஒலிக்கவிட்டார்கள். நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போட்டது எதுவும் காலையில் ஞாபகத்தில் இல்லை. அது நன்றாகக் கேட்கக்கூடிய சத்தத்தில் போட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பதே ஆறு ஏழு மணி நேரத் தூக்கம். அதில் காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு புரண்டு படுக்கச் சொல்கிறோம். இது எனக்குச் சம்மதமில்லை.

கைதட்டல் வாங்கிய அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். விளம்பரக்காரர் மறைந்திருந்து வேலை செய்வதில்லை. பட்டப்பகலில், கண் முன்னால், திரும்பத் திரும்பக் காட்டி வேலை செய்கிறார். பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை 1968லேயே ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் ஆய்வில் காட்டிவிட்டார். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்கு எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம். மதுக்கடைகளின் வரிசையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். மது பிராண்டின் பெயரிலேயே சோடாவுக்கும் பாட்டு சிடிக்கும் விளம்பரம் வருகிறது. ஆறு வயதில் என் மகள், "இது சோடா இல்லப்பா, அதுதானே?" என்று கேட்டாள். இந்த மாதிரிப் பினாமி விளம்பரங்களை 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்து வழிகாட்டுதல் போட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கே புரிகிற அளவுக்கு வெளிப்படையாக நடப்பது அது. பிள்ளைகள் மனதில் என்ன ஏறுகிறது என்று கவலைப்படும் பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் அங்கே இருக்கிறது. அந்தப் பெற்றோரின் கவலை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்காத சத்தத்தைத் தேடி அதைச் செலவழித்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

நோட்டீஸில் 'மதிப்பெண் நிச்சயம் கூடும்' என்றும் இருக்கிறது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான நம்பிக்கை தரும் விளம்பரத்துக்கு முதல் தடவையே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை. முதலில் உங்களிடம் பேசுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

இந்த ஒரு லட்சத்து ஐயாயிரத்தைப் பெற்றோரிடம் வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கு வேறு செலவு இருக்கிறது. அக்கரைகோரியிலிருந்தும் தாழங்குடாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு ஆறு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு மேல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து ரூபாய்க்குச் சுண்டல் என்றால் 140 பேருக்கு ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். இதே பணத்தில் 75 நாள் கொடுக்கலாம். மழை லீவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பொதுத் தேர்வு வரை ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் இருக்கிறது.

படிக்கிற முறைக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஆசிரியர்கள் மன்னிக்கவும், உங்களுக்குத் தெரியாததில்லை. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, ஒரு கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். என் மகள் இப்போது முக்கோணவியல் சூத்திரங்களைப் புத்தகத்தை மூடிவிட்டு அவள் ஆயாவிடம் ஒப்பிக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, "நேத்து வேற மாதிரி சொன்னியே" என்று ஒரு நாள் பிடித்துவிட்டார். பார்த்தால் மகள் சொன்னது தப்புதான்.

ஒப்புதல் படிவம் வந்த அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டது: "இதக் கேட்டா கணக்கு வந்துடுமாப்பா?" அவள் குரலில் இருந்த ஆசையை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், 1994இல். வராது என்று சொன்னேன். ஏன் வராது என்று மடிக்கணினியில் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தக் கருப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போனாள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வெள்ளிக்கிழமைக் கெடுவைத் தள்ளி வையுங்கள். விற்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். இசையும் பேச்சும் கலந்த எந்தப் பதிவையும் தனித்தனித் தடமாகத்தான் முதலில் பதிவோம், அப்புறம்தான் கலப்போம். தொழிலில் எல்லாரும் செய்வது அப்படித்தான். மழையும் புல்லாங்குழலும் இல்லாத அந்தப் பேச்சுத் தடத்தை மட்டும் கொண்டுவரட்டும். அது அவர்களிடம் இல்லையென்றால் இந்தப் பதிவில் குரலே இல்லை. இருந்தால், 140 பிள்ளைகளுக்குள் என்ன வாக்கியம் போகப்போகிறது, யார் குரலில் போகப்போகிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. நல்ல வார்த்தைகள்தான் என்று எல்லாருக்கும் பட்டால், அதைக் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் காதுக்குக் கேட்கும்படியே சொல்லலாம். அதற்கு 750 ரூபாய் ஆகாது.

அந்தத் தடத்தைக் கொண்டுவரும் நாளில் கூட்டத்துக்கு என் செலவிலேயே செட் போடுகிறேன். ஆம்ப்ளிஃபயர், இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், மடிக்கணினி எல்லாம் என்னுடையது. பிள்ளைகளும் கூடவே உட்காரட்டும். எல்லாரும் ஒன்றாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம். அதுவரை என் மகளின் படிவம் கையெழுத்தில்லாமல் வீட்டில் சாமி அலமாரியில் இருக்கும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை,
கடலூர் முதுநகர்